வன்னிச் சந்தையில் கண்ட விந்தைகள்

வெளிநாட்டு வாசம் என்றவுடன் நம்மவர்க்கு இலண்டனும் சிங்கப்பூரும் நினைவுக்கு வரும். அங்கே மொழி புரியாமல் விழிப்பது இயல்பு. தமிழே வழங்கும் ஒரு நாட்டில், தமிழ் கற்பிப்பவன் ஒருவன் காய்கறிக் கடை முன் நின்று அகராதியை நினைத்துக்கொள்ள நேர்வதுதான் வேடிக்கை. ஆசிரியப் பணியின் பொருட்டு இலங்கையின் வன்னிப் பெருநிலத்தில், வவுனியா நகரில் ஓராண்டு தங்கியிருந்தேன். விடுமுறை நாட்களில் ஏ-9 நெடுஞ்சாலை வழியே கிளிநொச்சிக்கும், ஒரோவொருகால் முல்லைத்தீவுக்கும் சென்று வருவேன். எவ்வூர் சென்றாலும் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றாமல் திரும்புவதில்லை.

"கோவா கிலோ என்ன விலை?" என்று ஓர் அம்மையார் கேட்பது காதில் விழுந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் நினைவோடு திரும்பிப் பார்த்தால், கடைக்காரர் தராசில் வைத்தது முட்டைக்கோசு! போர்த்துக்கீசர் அதனைக் 'கோவே' என்றனர். அதுவே இங்குக் கோவா. அவர்கள் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியது 1619-இல். ஒல்லாந்தரிடம் அதனை இழந்தது 1658-இல். நாற்பதாண்டுகூட ஆளாதவர்கள் கடைத்தெருவில் மட்டும் இன்னும் அரசு செலுத்துகின்றனர். ரொட்டி 'பாண்', காலணி 'சப்பாத்து', நாற்காலி 'கதிரை', குளித்தபின் துவட்டுவது 'துவாய்', கடப்பாரை 'அலவாங்கு'. பின்வந்த ஒல்லாந்தர் அலுவலகத்துக்குக் 'கந்தோர்' என்றும், பீன்ஸுக்குப் 'போஞ்சி' என்றும் பெயரிட்டுச் சென்றனர். வன்னியின் தலைவர்கள் அந்நியர்க்கு எளிதில் அடங்கியவர்கள் அல்லர். ஆயினும் அந்நியரின் சொற்கள் சமையலறை வழியாக உள்ளே நுழைந்துவிட்டன! இதனைக் கேட்டுத் தமிழ் கெட்டது என்று நம் தூய தமிழன்பர்கள் வருந்த வேண்டா. நாம் 'சோப்பு' என்பதை இவர்கள் 'சவர்க்காரம்' என்றே கேட்டு வாங்குகின்றனர்.

அளவைகளிலும் சுவையுண்டு. ஒரு பாணின் நிறை 450 கிராம்; அதாவது பழைய ஓர் இறாத்தல். நம் பாட்டிமார் மறந்த இறாத்தல் இங்கே உருமாறி வாழ்கிறது. பாலும் தேனும் நல்லெண்ணெயும் 'போத்தல்' கணக்கில் விலைபோகின்றன; ஒரு போத்தல் என்றால் 750 மில்லிலீட்டர். மாணவர்களுக்கு இது நல்ல கணக்குப் பயிற்சி.

கிளிநொச்சிக்குத் தெற்கே முறிகண்டியில் சாலையோரத்தில் பிள்ளையார் கோயில் ஒன்று உள்ளது. அவ்வழியே செல்லும் வண்டிகள் நின்று வணங்கியே செல்லும். தேங்காய் உடைத்தவர் அடுத்துச் செய்வது கச்சான் வாங்குவது. கச்சான் என்பது நம் நிலக்கடலை. அகராதியில் மேல்காற்றுக்கும் அப்பெயர் உண்டு. வரிசையாக உள்ள கடைகளில் மணலிலிட்டு வறுத்த கச்சான் மணக்கும்போது, பிள்ளையார் எதற்காக இவ்விடத்தைத் தேர்ந்தார் என்பது விளங்கும்.

பாலைப்பழத்தைப் பற்றி ஒரு சொல். சங்க இலக்கியத்தின் பாலை வேறு. இது காட்டில் நெடிதோங்கும் வேறொரு மரம். அதன் சிறிய மஞ்சட்பழம் தேனாக இனிக்கும். பத்துப் பழம் தின்றால் பிசின் உதடுகளை ஒட்டிவிடும். வகுப்பில் ஓயாது பேசும் மாணவர்க்கு ஏற்ற பழம்.

கிளிநொச்சியில் ஓலைப்பொருளும் பாத்திரமும் விற்கும் மூதாட்டி ஒருவரிடம் நீற்றுப்பெட்டி வாங்கினேன். பனையோலையில் கூம்பாகப் பின்னிய, புட்டு அவிக்கும் பெட்டி அது.

"தம்பி இந்தியாவோ? அங்கை புட்டு அவிக்கிறேல்லையோ?"

"அவிப்போம் அம்மா, குழலில்."

"குழலிலை அவிச்சால் கட்டையாய்த்தான் வரும். இதிலை அவிச்சுப் பாருங்கோ, பூப்போலை உதிரும்."

அடுத்து, பழைய மூக்குப்பேணி கிடைக்குமா என்று வினவினேன். உதடு படாமல் நீர் அருந்துவதற்கு மூக்கு வைத்த உலோகக் கிண்ணம் அது. யாழ்ப்பாணத்து வீடுகளில் கண்டு ஆசைப்பட்டிருந்தேன். அம்மையார் சிரித்துவிட்டார்.

"வன்னியிலை பழசு எண்டு என்ன இருக்குத் தம்பி? இஞ்சையிருந்து வெளிக்கிடேக்கை உழவு இயந்திரத்திலை ஓடு, கதவு, அண்டா, குண்டா எல்லாம் ஏத்தினம். தருமபுரத்திலை பாதி போச்சு. புதுக்குடியிருப்பிலை மிச்சமும் போச்சு. முள்ளிவாய்க்காலிலை கையிலை ஒரு பை. அதுக்குள்ளை உறுதியும் பிள்ளையளின்ரை சேட்டிபிக்கேற்றும்."

உறுதி என்பது நிலப்பத்திரம். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின், செட்டிகுளத்து முகாம்களில் இருந்து மக்கள் ஊர் திரும்பியபோது, உப்புப் போடும் சட்டி முதல் எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. "இந்த ஊரிலை எந்த வீட்டுச் சட்டி பானையைப் பாருங்கோ, ரெண்டாயிரத்து ஒன்பதுக்கு முந்தினது காணக் கிடையாது" என்றார். அதன்பின் நான் விருந்துண்ட வீடுகளில் எல்லாம் என் கண் தானாகவே பாத்திரங்களின் மீது சென்றது. அவர் சொன்னது மிகையன்று.

புதிய பேணி ஒன்று அவரிடம் இருந்தது. அதனை வாங்கினேன். நாளிதழில் சுற்றிக் கொடுத்தபடியே, "பழசுதான் வேணுமெண்டால், இதைக் கொண்டுபோய் ஒரு முப்பது வருசம் பாவியுங்கோ" என்றார்.