பிரித்துக் கட்டிய வீடு

‘வீட்டைக் கட்டிப்பார்’ என்பது தமிழ்ப் பழமொழி. கட்டுவதன் அருமையை அது உணர்த்தும். ஆயின், பிரித்துப் பார்த்தபோதே தன் உண்மை இயல்பைப் புலப்படுத்திய வீடும் உண்டு. இங்கிலாந்தின் தென்கிழக்கே, கென்ற் பிரதேசத்துச் சிடிங்ஸ்ரன் என்னும் ஊரின் அயலிலே நின்ற பேலீப் பண்ணைவீடு அத்தகையது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அவ்வீடு, போ பீச் நீர்த்தேக்கத் திட்டத்தின் காரணமாகத் தன் நிலத்தை இழந்தது. 1960களின் இறுதியிலே அது மரம் மரமாகக் கழற்றப்பட்டது. பின்னர், சசெக்ஸ் பிரதேசத்துச் சிங்கிள்ரன் கிராமத்திலே, 1967இல் நிறுவப்பட்ட வீல்ட் அன்ட் டவுன்லண்ட் திறந்தவெளி நூதனசாலையில் மீண்டும் எழுப்பப்பட்டது. இடம்பெயர்ந்து நிற்கும் வீடு பழைய வீடுதானா என்னும் வினா இங்கு எழுதல் இயல்பே.

விடை காண விழைவோர் முதலில் அதன் கட்டுமானத்தை நோக்குதல் வேண்டும். இவ்வகை வீடுகளிலே பாரத்தைத் தாங்குவன சுவர்களல்ல. ஓக் மரத்தாலான சட்டகமே அனைத்தையும் தாங்கி நிற்கின்றது. தாழ்ந்த கற்கட்டின்மீது கிடக்கும் அடிச்சட்டத்திலே தூண்கள் நாட்டப்பட்டு, அவற்றின் தலைகள் உத்தரங்களாலும் குறுக்குவிட்டங்களாலும் பிணைக்கப்படும். சட்டகம் கோணிப்போகாவண்ணம் சாய்கால்கள் அதனை இறுக்கும். இடைவெளிகளை நிரப்புவன மரக்கோல்களிடையே பின்னிய மெல்லிய கழிகளும், அவற்றின்மேல் அப்பிய களிமண், வைக்கோல், சாணக் கலவையுமேயாம். அச்சுவரை அகற்றினும் வீடு விழுவதில்லை.

சட்டகத்தின் உயிர் அதன் பொருத்துக்களிலே உள்ளது. ஒரு மரத்தின் முனையிற் செதுக்கிய கழுந்து மற்றொரு மரத்தில் வெட்டிய துளையினுட் புகும். இரண்டையும் ஊடுருவி ஒரு மரமுளை அறையப்படும். முளைக்கான துவாரங்கள் வேண்டுமென்றே சிறிது விலக்கி இடப்பட்டமையால், முளை இறங்க இறங்க இரு மரங்களும் ஒன்றையொன்று நெருங்கி இறுகும். உலர்ந்த ஓக் மரம் உளிக்கு எளிதில் இணங்காது. ஆதலின் தச்சர் அதனைப் பச்சையாகவே பயன்படுத்தினர். கட்டியபின் மரம் உலர்ந்து, சுருங்கி, முறுகியது. பழைய வீடுகளிற் காணப்படும் கோணல்கள் பல இவ்வாறு தோன்றியவையே. அவை தச்சரின் பிழைகளல்ல.

இன்னொரு வழக்கமும் கருதத்தக்கது. சட்டகத்தின் ஒவ்வொரு பக்கமும் முதலில் தரையிலே கிடத்திப் பொருத்திப் பார்க்கப்பட்டது. மரங்கள் சேருமிடங்களில் உரோம இலக்கங்களை ஒத்த குறிகள் கீறப்பட்டன. பின்னர் எல்லாம் கழற்றப்பட்டு, அக்குறிகளின்படி மீண்டும் பூட்டப்பட்டன. அஃதாவது, இத்தகைய வீடு முதன்முதல் நிமிர்ந்து நிற்குமுன்னரே ஒருமுறை பிரிக்கப்பட்டுவிடுகின்றது.

பேலீப், ‘வீல்டன்’ என வழங்கும் மண்டப வீட்டு வகையைச் சேர்ந்தது. நடுவிலே கூரைவரை திறந்த மண்டபம். அதன் இருமருங்கும் ஈரடுக்குப் பகுதிகள். மேலறைகள் முகப்பிலே முன்தள்ளி நிற்க, மண்டபம் உள்வாங்கியிருக்கும். ஆயினும் ஒரே கூரை மூன்றையும் மூடும். மண்டபத்தின் நடுத்தரையில் நெருப்பு எரிந்தது. புகைபோக்கி இல்லாமையால் புகை கூரையூடே கசிந்து வெளியேறியது. சாளரங்களிலே கண்ணாடி இல்லை. நெடுக்கு மரக்கம்பிகளும் அடைப்புப் பலகைகளுமே இருந்தன. ஒரு முனையில் உணவும் பானமும் வைக்கும் அறைகள். மறுமுனையில் வீட்டுக்குடையோரின் தனியறைகள். உயர்முனை, தாழ்முனை என்னும் ஏற்றத்தாழ்வு மரத்திலேயே வகுக்கப்பட்டிருந்தது. எனினும், குளிர்காலத்தில் எசமானும் ஏவலாளும் நாடியது அந்த ஒரே நெருப்பை. புகை இருவர் கண்களையும் பேதமின்றிக் கரித்திருக்கும்.

பதினாறாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் வீடுகள் மாறலாயின. புகைபோக்கிகள் எழுந்தன, திறந்த மண்டபங்களின் குறுக்கே மேல்தளங்கள் இடப்பட்டன. அறைகள் பெருகின, வெப்பமும் தனிமையும் வாய்த்தன. ஒரே நெருப்பைச் சூழ்ந்த வாழ்வு மெல்ல மறைந்தது. பேலீப்பும் இம்மாற்றங்களுக்கு விலக்காகவில்லை. அதன் உயர்முனையே மண்டபத்திற்கு ஏறத்தாழ நூறாண்டு பிந்தியது. புகைபோக்கி அதனினும் பிந்தியது.

இத்தகைய வீடொன்றைப் பிரிக்கும்போது மரங்கள் சாட்சி கூறுகின்றன. கறுத்த கைமரங்கள் திறந்த நெருப்பிற்குச் சான்று; எதுவும் பொருந்தாது கிடக்கும் வெறுந்துளை, அங்கு முன்னர் ஒரு மரம் இருந்தமைக்குச் சான்று. அத்தகைய சான்றுகளைத் துணைக்கொண்டே பழைய வடிவம் மீட்கப்படுகின்றது. பேலீப்பை மீள எழுப்பியோர் பிற்காலப் புகைபோக்கியை விலக்கி, மண்டபத்தைத் திறந்த நிலைக்குக் கொணர்ந்தனர். 1540ஆம் ஆண்டளவின் வாழ்வைக் காட்டும் தளபாடங்கள் அதனுள் வைக்கப்பட்டன. மறைந்துபோன ஒரு வாழ்க்கை முறை இதனாற் கண்முன் நிற்கின்றது. அது பெரும் பேறே. ஆயின், புகைபோக்கியின் அருகே குளிர்காய்ந்து, அவ்வீட்டிலேயே பிறந்து இறந்த பிற்காலத் தலைமுறைகளுக்கு அங்கு இடமில்லை. ஒரு காலத்தை மீட்பதற்கு இன்னொரு காலத்தை அகற்ற நேர்ந்தது. பேணுதல் என்பதும் ஒருவகைத் தெரிவே. அத்தெரிவிற்கு விலை உண்டு என்பதை மறைத்தல் ஆகாது.

அவ்வாறெனில், அது பழைய வீடுதானா? பழைய நிலம் இல்லை. சுவர் மண் புதிது. பழுதுற்ற மரங்களுக்குப் புதிய மரம் ஒட்டுப்போடப்பட்டுள்ளது. வீடென்பது நிலமும் நினைவுமே எனின், பேலீப் சிடிங்ஸ்ரனோடு முடிந்துபோயிற்று. ஆனால் அதனை ஆக்கிய தச்சருக்கு வீடென்பது பொருத்துக்களின் ஒழுங்கு. இன்ன மரம் இன்ன மரத்தோடு சேரும் என்னும் அறிவு. அவ்வறிவு கெடாதிருந்தமையாலேயே அது இரண்டாம் முறையும் நிமிர்ந்து நின்றது. அக்காலத் தச்சர் தம் உடனுழைப்போருக்கென்றே குறிகளைக் கீறினர். ஐந்நூறாண்டு கழித்தும் அவற்றைப் படித்தறியத்தக்க தச்சர் இருப்பரேல், அவர்களும் அவ்வுடனுழைப்போரே ஆவர்.