மணமகன் முகமும் கண்டார் துணிபும்

திருமணப் பந்தரிலே மணமகன் முகத்தை நோக்கியிருப்பார் பலர். நோக்கிய அளவில் நில்லாது, அவன் உள்ளக்கிடக்கை இன்னதெனத் துணிந்து கூறுவாரும் பலர்.

அண்மையில் ஒரு சைவக் குடும்பத்துத் திருமணத்தில், எரி சான்றாக மங்கலநாண் பூட்டுங்கால் மணமகன் கண்கள் நீர் பெருக்கின. வேள்விப்புகை என்றார் ஒருவர். பெண் மனத்திற்கு ஒவ்வாள் போலும் என்றார் மற்றொருவர். சீர்வரிசை குறைந்தது என்று முணுமுணுத்தார் வேறொருவர். சடங்கு முடிந்ததும் மணமகன் மணமகளைக் கைப்பற்றி எழுந்தான்; கைம்மை காரணமாகப் பந்தரின் கடைக்கோடியில் தூண்மறைவில் ஒதுங்கி நின்ற தன் தாயை நாடிச் சென்று, இருவருமாக அடிவீழ்ந்து வணங்கினான். முன்னர்த் துணிந்துரைத்தார் மூவரும் வாய் வாளாதிருந்தனர்.

இங்ஙனம் பிழைபடத் துணிதல் இக்காலத்தார்க்கே உரியதன்று. புத்தூரிலே சடங்கவி சிவாசாரியார் திருமகளாரை மணக்க எழுந்தருளிய நம்பியாரூரரை, முதிய வேதியர் ஒருவர் வந்து தம் அடிமையென்று வழக்கிட்டார். அது கேட்டுப் பந்தரில் இருந்தாருட் சிலர் வெகுண்டனர், சிலர் சிரித்தனர். நம்பியாரூரரும் நகைத்தார். பின்னர் அந்நகை நீங்கிற்று, முதியவரைப் பித்தரென்றார், ஓலையைப் பறித்துக் கிழித்தார். சுற்றத்தார் கண்டவை நகையும் வெகுளியுமே. அந்நகை நீங்கினமைக்கு ஏது, முன்னரே உள்ளத்திற் கிடந்த அன்பின் நெகிழ்ச்சியென்று சேக்கிழார் பெருமான் உணர்த்தியருளினார். அஃது அங்கிருந்தார் ஒருவர்க்கும் புலப்பட்டிலது. வெண்ணெய்நல்லூர் அவையில் மூலவோலை மெய்யென்று துணியப்பட்டு, வழக்கிட்டவர் திருவருட்டுறையினுட் புக்கு மறைந்த பின்னரன்றோ உண்மை விளங்கிற்று!

நகை, அழுகை முதலாகத் தொல்காப்பியர் கூறிய மெய்ப்பாடுகள் எட்டு. அவை உள்ளத்து நிகழ்வதன் புறக்குறிகளே. ஒரு குறிக்குக் காரணம் பலவாதல் கூடும். கண்ணீர் துன்பத்தினும் வரும், அன்பினும் வரும். பாசத்தாற் பிணிப்புண்ட உயிர், கண் முதலிய கருவிகள் காட்டிய அளவே காண்பது. அதன்மேலும் தன் விருப்பு வெறுப்புக்களை ஏற்றிக் காண்பது. ஆதலின், பிறர் முகத்தில் நாம் படிப்பது பெரும்பாலும் நம் உள்ளத்தையே. உயிர்க்குயிராய் உள்நின்று அறிபவன் இறைவன் ஒருவனே.

மணந்தடைப்பட்ட அச்சிவாசாரியார் திருமகளாரோ, நம்பியாரூரர் தம்மை இகழ்ந்தாரெனக் கருதினாரென்று சேக்கிழார் யாண்டும் கூறினாரில்லை. அவ்வம்மையார் நம்பியாரூரரையே நினைந்திருந்து, எளிதிற் சிவலோகம் எய்தினாரென்றே கூறினார். பந்தரில் இருந்தாரெல்லாம் முகத்தைக் கண்டு ஒன்று துணிந்தனர். இவரோ துணிபு கூறாது அன்பு செய்து உய்ந்தார்.

ஆகவே, மணங்காணச் செல்வார் மணமகன் முகத்தை ஆராய்தலை விடுத்து, வாயார வாழ்த்துவாராக. தூண்மறைவில் ஒரு தாய் ஒதுங்கி நிற்பாளாயின், அவளை மணவறைக்கு முன்னரே அழைத்து வந்து இருத்துவாராக. அத்தகைய கண்ணீருக்கு அதுவே மருந்து.

திருச்சிற்றம்பலம்.