மலைநாட்டிற் கற்ற பாடம்

சென்ற கோடை விடுமுறையில் அமெரிக்க நாட்டின் ராக்கி மலைத்தொடரைக் கண்டுவரும் பேறு எனக்கு வாய்த்தது. புறப்படுமுன், "திரும்பி வந்ததும் நம் கல்லூரி மலருக்கு மலை வருணனை ஒன்று தருவேன்" என்று நண்பர்களிடம் உறுதி கூறியிருந்தேன். குறிஞ்சித் திணையை ஏட்டிற் பயின்றவனுக்கு மலையை எழுதுவது அரிதோ என்ற செருக்கும் உள்ளத்தே சிறிது இருந்தது. ஆனால் எழுதப் புகுந்தபோது மலை பின்னே சென்றுவிட்டது. யான் எழுத விரும்பாத வேறொன்று முன்னே வந்து நின்றது. அதனையே எழுதுகின்றேன். நண்பர்கள் பொறுத்தருள்வாராக.

என் சிற்றப்பா கொலொராடோ மாநிலத்துத் தலைநகராகிய டென்வரில் வாழ்கின்றார். தலைமையாசிரியராய் இருந்து ஓய்வு பெற்ற தம் தமையனாரை, அதாவது என் தந்தையாரை, ஒருமுறையேனும் தம்மிடம் அழைத்துக்கொள்ளவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சூன் திங்களில் ஒருநாள் காலை அவர் வாடகைக்கு எடுத்துவந்த வண்டியைக் கண்டு அம்மா வாயிலிலேயே திகைத்து நின்றார்கள். அதனை அந்நாட்டார் 'ஆர்.வி.' என்பர். இருபத்தைந்து அடி நீளமுள்ள அவ்வண்டியினுள்ளே அடுப்பும், குளிர்பெட்டியும், அறுவர் உறங்கப் படுக்கைகளும், குளியலறையும், கழிப்பறையும் அமைந்திருந்தன. "வீடே சக்கரம் பூட்டிக்கொண்டு வந்துவிட்டதே!" என்றார் அப்பா. சிற்றப்பா, சிற்றன்னை, அவர்களுடைய எட்டு வயது மகள், நாங்கள் மூவர், ஆக அறுவரும் எட்டு நாள் அதிலே குடியிருந்தோம்.

முதலில் நாங்கள் சென்றது 1915-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ராக்கி மலைத் தேசியப் பூங்கா. அதனூடே செல்லும் 'டிரெயில் ரிட்ஜ்' சாலை 12,183 அடி உயரம் வரை ஏறுகின்றது. நம் தொட்டபெட்டாவோ 8,650 அடியே! ஏற ஏற மரங்கள் குட்டையாகிப் பின்னர் அறவே மறைந்தன. சூன் திங்களிலும் சாலையோரத்தே பனி சுவர் போல் நின்றது. இறங்கும்போது சிற்றப்பா வண்டியைத் தாழ்ந்த கியரில் மெல்லச் செலுத்தினார். சரிவில் பிரேக்கையே ஓயாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடுமாம். வழியிலே மில்னர் கணவாயில் வண்டியை நிறுத்தி ஒரு பலகையைக் காட்டினார். அங்கே ஒருபுறம் விழும் மழை அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கியும், மறுபுறம் விழும் மழை பசிபிக் பெருங்கடலை நோக்கியும் செல்கின்றது. ஓரடி இடைவெளியில் விழுந்த இரு துளிகள் இத்துணைத் தொலைவு பிரிகின்றனவே என்று யான் வியந்துகொண்டிருந்தேன்.

அன்றிரவு கிராண்ட் லேக் என்னும் ஏரிக்கரையூரில் தங்கினோம். அம்மா சோறு சமைக்க முற்பட்டார்கள். நீர் விரைவிற் கொதித்தது, அரிசியோ வேகவில்லை. கடல்மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், 8,000 அடிக்கு மேலே ஏறக்குறைய 92 பாகையிலேயே கொதித்துவிடுகின்றது. கொதித்தும் அதற்கு வேகவைக்கும் வெம்மை போதவில்லை. பின்னர்ச் சிற்றன்னை பிரஷர் குக்கரை எடுத்துக் கொடுக்க, ஒருவாறு உணவு முடிந்தது. இதுவரையில் எல்லாம் இனிதே நடந்தன.

மூன்றாம் நாள் காலை, புறப்படுமுன் சிற்றப்பா வண்டியை ஓரிடத்தே கொண்டுபோய் நிறுத்தினார். இவ்வகை வண்டியில் தொட்டிகள் மூன்று உண்டு. ஒன்று நன்னீருக்கு, ஒன்று குளித்த நீருக்கும் பாத்திரங் கழுவிய நீருக்கும், மற்றொன்று கழிப்பறைக்கு. பின்னிரண்டும் நிறைந்தால் அதற்கென அமைந்த நிலையத்திற் சென்று வெறுமையாக்கவேண்டும். வாடகைக்காரன் செய்யான், பூங்காக் காவலரும் செய்யார். வண்டியில் வாழ்ந்தவரே செய்தல் வேண்டும்.

சிற்றப்பா கையுறை அணிந்தார். பருத்த குழாயின் ஒரு முனையை வண்டியின் அடியிலும், மறு முனையைத் தரையிலிருந்த துளையிலும் பொருத்தினார். முதலிற் கழிப்பறைத் தொட்டியைத் திறந்தார். அது முற்றும் வடிந்தபின் குளியல் நீர்த் தொட்டியைத் திறந்தார். அந்நீர் குழாயைக் கழுவிச் செல்லும் என்பது காரணம். நாற்றம் எழுந்தது. "ஐயோ தம்பி! நீங்களா இதைச் செய்வது? கூலி கொடுத்தால் செய்ய ஆள் இல்லையா?" என்று அம்மா பதறினார்கள். சிற்றப்பா நகைத்து, "நாம் உண்டாக்கியது தானே, அண்ணி" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. யானோ, தொலைவிலிருந்த பனிமுடிகளைப் படம் பிடிப்பவனைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழகை நோக்கி யான் திரும்பவில்லை. அருவருப்பினின்று திரும்பினேன் என்பதே உண்மை.

வயோமிங் மாநிலத்துப் புல்வெளிகளைக் கடந்து, 13,775 அடி உயர்ந்த கிராண்ட் டீட்டான் சிகரத்தின் அருகே ஒரு முகாமை அடைந்தோம். மீண்டும் தொட்டி நிறைந்தது. "தம்பி, இன்று உன் முறை" என்றார் சிற்றப்பா என்னைப் பார்த்து. எனக்கு முகம் வெளிறிற்று. தலைவலி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தங்கை ஓடிவந்து, "அண்ணா, உங்களுக்குக் கையுறை!" என்று மகிழ்ச்சியோடு நீட்டினாள். அவள் முகத்தில் கேலியில்லை; இரக்கமுமில்லை. பந்தை எடுத்துத் தருவதுபோலத் தந்தாள். இது இழிந்த தொழில் என்று அக்குழந்தைக்கு எவரும் கற்பிக்கவில்லை. எனக்குக் கற்பித்திருந்தனர், யாரும் வாய்திறந்து சொல்லாமலே கற்பித்திருந்தனர்.

கையுறையை வாங்கினேன். நடுக்கத்தில் முறை மறந்து குளியல் நீர்த் தொட்டியை முன்னே திறந்துவிட்டேன். பின்னர்க் குழாயைக் கழுவ நீரின்றித் திண்டாடினேன். இலக்கணத்தில் முறைவைப்புப் பற்றி ஒரு பக்கம் எழுதவல்லவன், இரண்டு பிடிகளின் முறையை மறந்தேன்! சிற்றப்பா கடிந்துகொள்ளவில்லை, கழுவுவதற்கென அங்கிருந்த தனிக் குழாயைக் காட்டினார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. யான் இறந்துவிடவில்லை, இழிந்துவிடவும் இல்லை.

எல்லோஸ்டோன் பூங்காவை அடைந்தோம். 1872-ஆம் ஆண்டில் அமைந்த அப்பூங்காவே உலகின் முதல் தேசியப் பூங்கா என்பர். 'ஓல்டு பெயித்புல்' என்னும் வெந்நீர் ஊற்று, ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு ஒருமுறை, நூறடிக்கு மேலே சீறி எழும் காட்சியைக் கண்டோம். காட்டெருமைகள் சாலையை மறித்து நிற்க, வண்டிகளெல்லாம் பணிந்து காத்திருந்தன. மறுநாட் காலை நிலையத்தில் வண்டி நின்றபோது, எவரும் சொல்லாமலே அப்பா கையுறையை எடுத்து அணிந்தார். யான் ஓடிச்சென்று, "கொடுங்கள் அப்பா" என்றேன். "உன் முறை முடிந்தது, இது என் முறை" என்றார். அம்மா தடுக்கவில்லை. முழங்காலிட்டுக் குழாயைப் பொருத்திய அவர், நெடுநேரம் தலை நிமிரவில்லை. பின்னர் மெல்லக் கேட்டார்: "நம் வீட்டுக்கு வருகின்றவன் பெயர் என்ன?"

யாவரும் வாளாவிருந்தோம். எங்கள் தெருவிற்குப் பாதாளச் சாக்கடை இல்லை. மலத்தொட்டி நிறைந்தால் லாரி வரும். அதனோடு ஒருவர் வருவார். கையுறையும் இன்றிக் குழாயைப் பிடித்து உள்ளே இறக்குவார். நாங்கள் சன்னல்களைச் சாத்திக்கொள்வோம். தண்ணீர் கேட்டால், அம்மா ஒரு பழம் புட்டியில் ஊற்றி மதிலின் மேல் வைப்பார்கள். சாதி பாராட்டாதவர்கள் என்று எங்களை நாங்கள் நம்பியிருந்தோம்; ஆலயத்திலும் பள்ளியிலும் அப்பா அவ்வாறே பேசியும் வந்தார். மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவிப்பதையும், பாதுகாப்பின்றி அவர்களை மலத்தொட்டிகளில் இறக்குவதையும் விலக்கி 2013-ஆம் ஆண்டில் நம் நாடு சட்டம் இயற்றியது. எனினும், நச்சுக்காற்றுத் தாக்கி அத்தொட்டிகளில் மாண்டவர் செய்தியை நாளிதழில் இன்றும் காண்கின்றோம். கண்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டுகின்றோம். மில்னர் கணவாயில் ஓரடி இடைவெளியில் விழுந்து பிரிந்த துளிகளுக்கு இரங்கிய யான், எங்கள் மதிலின் இருபுறத்தையும் ஒருநாளும் நோக்கியதில்லை.

ஊர் திரும்பியபின் ஆகஸ்டுத் திங்களில் லாரி வந்தது. அப்பா சன்னலைச் சாத்தவில்லை. அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்த இரண்டு இணைக் கையுறைகளை அவரிடம் கொடுத்தார். வேலை முடிந்ததும் திண்ணைக்கு அழைத்தார். அவர் படியிலேயே நின்றார். பலமுறை வேண்டியபின்பே அமர்ந்தார். நாங்கள் குடிக்கும் டம்ளரிலேயே அம்மா காப்பி கொணர்ந்தார்கள். அப்பா அவருடைய பெயரைக் கேட்டார். அவர் உடனே விடை கூறவில்லை. ஏதேனும் குறை கண்டு பெயர் கேட்கின்றார்களோ என்று அஞ்சி, "வேலையிலே ஏதும் தப்பாகிப் போச்சா, ஐயா?" என்றார்.