உம்மாவின் கையும் அலமாரிக் கைப்பிடியும்



ஒரகடத்தில் வீடு கட்டியபோது, சமையலறை அலமாரிகளுக்குக் கைப்பிடியே வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் நாங்கள்தாம். கதவின் விளிம்பில் அலுமினியப் பட்டை ஒன்றைப் பதித்துவிடுவார்கள். அதன் உட்புறம் விரல் நுனியை விட்டு இழுக்க வேண்டும். துடைக்க எளிது, பார்க்க அழகு. வந்தவர்கள் எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். எங்களுக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான்.

வாப்பாவின் வஃபாத்துக்குப் பிறகு உம்மா எங்களோடு வந்து தங்கினார்கள். மூட்டுவாதத்தால் அவர்களுடைய விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. வேலை முடிந்து நாங்கள் வீடு திரும்பும்போது தேயிலை, சர்க்கரை, பருப்பு டப்பாக்கள் எல்லாம் மேடைமீது வரிசையாக நிற்கும். ஊர்ப் பழக்கம் என்று எண்ணிக்கொண்டு, அவற்றை மறுபடி உள்ளே அடுக்கி வைத்தோம். மறுநாளும் அவை வெளியே வந்திருக்கும். நாங்களும் மறுபடி உள்ளே வைப்போம். இப்படியே பல நாள் நடந்தது.

ஒரு வியாழக்கிழமை இருவருக்கும் மாலை ஷிப்ட். உம்மா ஸுன்னத்தான நோன்பு வைத்திருந்தார்கள். இரவு வந்து கேட்டபோது, தண்ணீரை மட்டும் குடித்து நோன்பு திறந்ததாகச் சொன்னார்கள். பேரீச்சம்பழம் இழுப்பறைக்குள் இருந்தது. "உள்ள வெச்சா எனக்கு எடுக்க வரல வாப்பா" என்று, ஏதோ தம்முடைய குற்றம் போலச் சொன்னார்கள்.

மறுநாளே மாற்றிவிட வேண்டும் என்று ஒருவர் சொல்ல, மற்றவருக்குத் தயக்கம். இரண்டே வருடமான அலமாரி. நன்றாக இருப்பதைத் துளையிட்டு மாற்றுவது வீண்விரயம் ஆகாதா? வீண்விரயத்தைக் கண்டிக்கும் வசனங்களைத் தேடி பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தைத் திறந்தோம். 26, 27ஆம் வசனங்களுக்கு வருமுன்னரே 23ஆம் வசனம் நிறுத்திவிட்டது. முதுமை அடைந்த பெற்றோரிடம் 'சீ' என்றுகூடச் சொல்லலாகாது என்பது அங்கேதான் இருக்கிறது. நாங்கள் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த டப்பாக்களைத் திரும்பத் திரும்ப உள்ளே வைத்தோமே, அதற்கு என்ன பெயர்?

கடைக்குப் போனோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலும் ஒரகடத்தில் 2010 முதலும் கார்கள் உருவாகும் பகுதி இது. கதவும் கீலும் இங்கே பலருக்கு அன்றாடச் சோறு. எங்களில் ஒருவருக்கும் தரப் பரிசோதனைதான் வேலை. அது தெரியாமல் கடைக்காரர் காந்தத்தைக் கைப்பிடிமீது வைத்துக் காட்டி, ஒட்டவில்லை பாருங்கள், இது 304 தர ஸ்டீல் என்றார். 202 தர ஸ்டீலும்தான் காந்தத்தில் ஒட்டாது. அதில் நிக்கல் குறைவு. ஈரமும் உப்பும் படும் இடத்தில் முதலில் துருப்பிடிப்பது அதுதான். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட செய்தி (ஸஹீஹ் முஸ்லிமில் வருவது) நினைவுக்கு வந்தது. அவரோடு தர்க்கம் செய்யவில்லை; 304 என்று பில்லில் எழுதித் தாருங்கள் என்றோம். அவர் வேறு பெட்டியை எடுத்து வந்தார்.

மொத்தமாக வாங்காமல் நான்கு மாதிரிகளை மட்டும் வாங்கி வந்து, பலகைத் துண்டுகளில் திருகி உம்மாவிடம் கொடுத்தோம். குமிழை உடனே ஒதுக்கிவிட்டார்கள். இரு விரலால் கிள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்றே. தட்டையான பட்டை விரலை அறுத்தது. இரு முனையும் நீண்டிருந்த கம்பியில் துப்பட்டி மாட்டிக்கொண்டது. உருண்டைக் கம்பியை வளைத்து இரு முனையையும் கதவோடு சேர்த்த 'டி' வடிவக் கைப்பிடியை மட்டும் பிடித்தார்கள். பிடித்தார்கள் என்பதும் சரியில்லை. விரலால் தொடவே இல்லை. நான்கு விரலையும் சேர்த்து உள்ளே நுழைத்து, மணிக்கட்டால் இழுத்தார்கள். இப்படி ஒரு கதவைத் திறக்கலாம் என்பது எங்களுக்குத் தோன்றியதே இல்லை. துளைகளுக்கிடையே 96 மில்லிமீட்டர் உள்ள அளவு அதற்குப் போதவில்லை. 160 வாங்கினோம்.

எல்லாக் கீல்களையும் சேனல்களையும் மாற்றி மாதத் தவணையில் கட்டலாம் என்றார் கடைக்காரர். வட்டி என்றதும் எழுந்துவிட்டோம். கனமான இரண்டு இழுப்பறைகளுக்கு மட்டும் சேனல் மாற்றினோம். துளையிடும் முன் தச்சர், "யோசிச்சுக்கங்க, லேமினேட்ல ஓட்டை போட்டா மூட முடியாது" என்று எச்சரித்தார். போடுங்கள் என்றோம்.

இடுப்பளவுக்குக் கீழுள்ள கதவுகளுக்கெல்லாம் இப்போது கைப்பிடி இருக்கிறது. மேல்வரிசை பழையபடியே இருக்கிறது. உம்மாவுக்கு அங்கே கை எட்டாது. விருந்தினருக்கான தட்டுகளைத்தான் அங்கே வைத்திருக்கிறோம்.