ஆய்வு செய்யத் தெரியும்... ஆய்வகம் நடத்த?

“உனக்குக் கீழ எத்தன பேருத்தா வேல பாக்குறாக?”

சின்னமனூரிலிருந்து போனில் அப்பா கேட்டபோது மகளிடம் பதில் இல்லை. பல்கலைக்கழகம் ஒன்றில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அறை தந்துவிட்டார்கள், கதவில் பெயர்ப்பலகையும் மாட்டியாகிவிட்டது. உள்ளே இரண்டு மேசை, ஒரு நாற்காலி. அவ்வளவுதான்.

தேனிப் பக்கம் ‘ஆய்வகம்’ என்றால் பொட்டிப்புரமும் நியூட்ரினோவும்தான் பலருக்கு நினைவு வரும். இது அந்த அளவுக்குப் பெரிய சமாச்சாரம் இல்லை. வாழையை வாட வைக்கும் பூஞ்சையை ஆராயும் சின்ன ஆய்வகம். அதற்காக பி.ஹெச்டி, அப்புறம் வெளிநாட்டில் போஸ்ட் டாக் என்று பத்து வருஷம் படித்தாயிற்று. கொட்டேஷன் எப்படி வாங்குவது, மாணவரை எப்படித் தேர்ந்தெடுப்பது, பயன்பாட்டுச் சான்றிதழை எப்படி நிரப்புவது... இவற்றை அந்தப் பத்து வருஷத்தில் யாரும் ஒரு மணி நேரம்கூடச் சொல்லித்தரவில்லை.

பணம் வந்ததும் முதலில் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசருக்கு ஆர்டர் போட்டார். அது வந்தும் சேர்ந்தது. அதைத் தாங்கும் மின் இணைப்பு அறையில் இல்லை. இணைப்புக்கான கோப்பு மேசை மேசையாக நகர்ந்து முடிய மூன்று மாதம். அதுவரை பல லட்ச ரூபாய் பெட்டி, வராந்தாவில் அட்டையோடு நின்றது.

அப்பாவுக்கு இதில் சிரிப்பு. “கன்னு எறக்குறதுக்கு முன்னாடி தண்ணியப் பாக்க வேணாமா?” திசு வளர்ப்பு வாழைக்கன்றை ஆர்டர் கொடுத்துவிட்டு பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று கையைப் பிசைந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

இந்தத் திண்டாட்டம் புதிதல்ல. 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறைத் தலைமைக்கு சி.வி.ராமனை அழைத்தது. அவர் தன் மாணவர் ஜி.என்.ராமச்சந்திரனைக் கைகாட்டினார். வயது முப்பதுதான். துறையையே அவர்தான் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. எதை ஆராய்வது என்பதற்கு, சென்னை வந்த விஞ்ஞானி ஜே.டி.பெர்னால் போகிறபோக்கில் ஒரு வழி காட்டினார்: கொலாஜன் புரதம். அதற்கான மாதிரிக்குப் பக்கத்திலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியை நாடினார் ராமச்சந்திரன். கிடைத்தது கங்காரு வால் தசைநார்! 1954-ல் கோபிநாத் கர்த்தாவோடு ‘நேச்சர்’ இதழில் கொலாஜனின் அமைப்பை வெளியிட்டார். அவருடைய மேதைமையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பக்கத்து நிறுவனத்துக் கதவைத் தட்டத் தெரிந்ததும் அதே அளவு பெரிய விஷயம்.

இன்று இதையே பாடமாக நடத்துகிறார்கள். அமெரிக்காவில் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவக் கழகமும் பரோஸ் வெல்கம் நிதியமும் 2002-ல் ஒரு பயிற்சி நடத்தி, அதை ‘மேக்கிங் தி ரைட் மூவ்ஸ்’ என்ற புத்தகமாக்கின. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். இங்கே இந்தியா பயோசயின்ஸ் அமைப்பின் இளம் ஆய்வாளர் சந்திப்புகள் 2009 முதல் நடக்கின்றன. ஆனால் இவை உயிரியல்காரர்களுக்கு. மற்ற துறைகளில் சேரும் இளைஞர்கள் பெரும்பாலும் சீனியர்களின் தயவை நம்பித்தான் இருக்க வேண்டியிருக்கிறது. பிரதமர் பெயரிலான இளம் ஆய்வாளர் நிதி மூன்று ஆண்டுகளுக்கு 60 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நல்ல தொகைதான். அதைச் செலவழிக்கும் வித்தையையும் சேர்த்துத் தந்தால் தேவலை.

ஃப்ரீசரையாவது சமாளித்துவிடலாம், மனிதர்கள் விஷயம் அப்படியில்லை. சின்னமனூர்ப் பெண்ணின் முதல் மாணவி ஆறு மாதத்தில் விலகப் பார்த்தாள். ஜே.ஆர்.எஃப். தொகை மாதம் 37,000 ரூபாய். காகிதத்தில் நிம்மதியான பணம், வங்கிக் கணக்குக்குத்தான் வந்து சேரவில்லை. வீட்டில் ‘வேலைக்குப் போ’ என்று நெருக்கடி. அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்குக் கூச்சம். கேட்க வேண்டும் என்று இவருக்கும் தோன்றவில்லை. ‘பூஞ்சை ஏன் வளரலை?’ என்றுதான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் விலகல் கடிதம் மேசைக்கு வந்தது.

அன்று மாலை இருவரும் கேன்டீனில் இரண்டு மணி நேரம் பேசினார்கள். மறுநாள் கணக்குப் பிரிவில் போய் உட்கார்ந்து, கோப்பு எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்தார் பேராசிரியர். ஒரு கையெழுத்துதான் பாக்கி.

மாணவி தொடர்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் அரை மணி நேரம் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும், அதில் ஆராய்ச்சிப் பேச்சு கூடாது என்று முடிவாகியிருக்கிறது. நிபந்தனை போட்டது மாணவி.