கொஞ்சம் தளர்த்துடா!

போன மழைக்காலத்தில் அம்மா மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாள். கணுக்கால் பந்து மாதிரி வீங்கிவிட்டது. எனக்குத்தான் முதலுதவி தெரியுமே! முப்பது வருஷத்துக்கு முன் சாரணர் முகாமில் கற்றது. மர ஸ்கேலை அண்டக் கொடுத்து, துண்டால் இறுக்கிக் கட்டினேன். "கொஞ்சம் தளர்த்துடா" என்றாள். "ஆடக்கூடாதும்மா" என்றேன், பாதி டாக்டர் மாதிரி.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த இளம் டாக்டரம்மா வீக்கத்தைப் பார்க்கவில்லை. கால் விரல்களைத்தான் முதலில் பார்த்தார். வெளுத்துச் சில்லிட்டிருந்தன. "யார் சார் கட்டினது?" என்றபடி துண்டைக் கத்தரித்தார். நகத்தை அழுத்திவிட்டு ரத்தம் திரும்புகிறதா என்று கவனித்தார். மெல்லச் சிவந்தது. எனக்கு அப்புறம்தான் மூச்சே வந்தது.

எக்ஸ்ரேயில் முறிவு. ஆனாலும் முழு மாவுக்கட்டு போடவில்லை. பின்பக்கம் மட்டும் ஒரு பட்டை வைத்துத் துணி சுற்றினார். "ரெண்டு மூணு நாள் வீக்கம் ஏறும் சார். முழுசா மூடிட்டா அதுக்கு இடம் வேணாமா?"

ஒவ்வொரு முறிவுக்கும் ஒரு கட்டு. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்தால் மேல் மூட்டு, கீழ் மூட்டு இரண்டுமே அசையக்கூடாது. தொடை எலும்பு நடுவில் முறிந்தால் இழுத்துப் பிடிக்கும் கட்டு. ஹியூ ஓவன் தாமஸ் என்ற லிவர்பூல் வைத்தியர் முழங்கால் நோய்க்காகச் செய்த இரும்புச் சட்டம் அது. அவர் 1891லேயே காலமாகிவிட்டார். முதல் உலகப்போரில் தொடை முறிந்த சிப்பாய்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, அவருடைய மருமான் ராபர்ட் ஜோன்ஸ் அதை ராணுவத்துக்குக் கொண்டுபோனார். 1917ல் அராஸ் போரில் அந்தக் காயத்தால் இறந்தவர்கள் 15.6 சதவீதம்தான். ஒரு இரும்பு வளையம், இரண்டு கம்பிகள். அவ்வளவே!

உங்கள் வீட்டில் யாராவது விழுந்தால் முதலில் 108-க்கு போன் செய்யுங்கள். கால் கோணியிருந்தால் நேராக்கப் பார்க்காதீர்கள். நகர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால், கணுக்காலுக்குத் தலையணையைவிட நல்ல கட்டு வீட்டில் கிடையாது. அப்படியே சுற்றி, இறுக்காமல் கட்டுங்கள். விரல்கள் வெளியே தெரியட்டும். மரத்துப்போகிறதா என்று அடிக்கடி கேளுங்கள். முக்கியமாக, பதிலைக் காதில் வாங்குங்கள்.

அம்மா இப்போது நன்றாக நடக்கிறாள். நான் பழைய பேப்பர் கட்டினால்கூடச் சமையலறையிலிருந்து குரல் வருகிறது: "கொஞ்சம் தளர்த்துடா!"