சுத்தியலும் செவியும்

வெள்ளி ரூபாய் புழங்கிய காலத்தில் கடைக்காரர்கள் அதைக் கல்லில் சுண்டிப் பார்த்த பிறகே பெட்டியில் போடுவார்கள் என்று என் வாப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். நல்ல வெள்ளி கணீரென்று ஒலிக்கும். கலப்படக் காசு 'டப்'பென்று அடங்கிவிடும். மண்பானை வாங்கப் போகும் என் உம்மாவும் அப்படித்தான். விரலை மடக்கிப் பானையைச் சுற்றிலும் தட்டுவார்கள். ஓசை தெளிவாக இருந்தால்தான் விலை பேசத் தொடங்குவார்கள். கண்ணுக்குத் தப்பிய கீறலைக் காது கண்டுபிடித்துவிடும் என்ற இந்தப் பழைய அறிவே பிற்காலத்தில் எனக்குச் சோறு போட்டது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும்.

1984 முதல் 2018 வரை வளைகுடா நாடொன்றில், விமானங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் பணியாற்றினேன். அலுமினியத் தகட்டில் ரிவெட் அடிப்பவனாகச் சேர்ந்த நான், பல ஆண்டுகளுக்குப் பின் காம்போசிட் எனப்படும் கலப்புப் பொருள்களின் பிரிவுக்கு மாற்றப்பட்டேன். கண்ணாடி இழையையோ கார்பன் இழையையோ துணிபோல் நெய்து, பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக வைத்து வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுகச் செய்வது அது. இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே தேனடை போன்ற அறைகள் கொண்ட பலகையை வைத்து ஒட்டினால் எடை குறைவு, விறைப்போ மிகுதி. விமானத்தின் மூக்குக் கூம்பு, இறக்கையின் அசையும் பகுதிகள், வால் சுக்கான் முதலியவற்றில் இத்தகைய அமைப்பு ஏராளம். 2011-இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 787 விமானத்திலோ கட்டமைப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி கலப்புப் பொருள்தான்.

இப்பொருளிடம் ஒரு கள்ளத்தனம் உண்டு. அலுமினியத்தின் மீது கல்மழை பெய்தால் குழி விழும், பார்த்தவுடன் தெரியும். கலப்புத் தகடோ அடி வாங்கியபின் பழைய வடிவத்துக்கே மீண்டுவிடக்கூடும். மேலே வண்ணம் பளபளக்கும். உள்ளே பசை விட்டுப் போயிருக்கும். அந்த இடைவெளியில் ஈரம் புகுந்தால், உயரத்தில் குளிரில் உறைந்து விரிந்து, பிளவை மேலும் வளர்க்கும்.

இதைக் கண்டுபிடிக்கும் எளிய வழி தட்டிப் பார்ப்பது. தகடும் தேனடையும் இறுக ஒட்டியிருக்கும் இடம் விறைப்பானது. அங்கே தட்டினால் சுத்தியல் சட்டென்று துள்ளிவிடும். தகட்டைத் தொட்டிருக்கும் நேரம் மிகக் குறைவு. ஆதலால் உயர்ந்த அதிர்வுகள் மிகுந்து ஓசை கணீரென்று எழுகிறது. பசை விட்ட இடத்தில் தகடு தனியே நெகிழ்கிறது. சுத்தியல் சற்றே அமர்ந்து எழுகிறது. உயர்ந்த அதிர்வுகள் குறைந்து ஓசை மழுங்குகிறது. கௌலி, ஆடம்ஸ் என்னும் இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1988-இல் இதை அளந்து விளக்கி எழுதினார்கள். ஆனால் தட்டிக் கேட்கும் கலை அதற்கு மிக முந்தியது. நோயாளியின் மார்பை விரலால் தட்டி உள்ளே நீர் கோத்திருப்பதை அறியலாம் என்று 1761-இல் நூல் எழுதிய ஆஸ்திரிய மருத்துவர் ஆவன்புருக்கர், விடுதி நடத்தியவரின் மகன். தந்தையின் மதுப் பீப்பாய்களைத் தட்டி அளவறிந்த பழக்கத்திலிருந்தே அவருக்கு அந்த எண்ணம் தோன்றியதாகச் சொல்வதுண்டு.

எங்கள் பட்டறையில் தொடக்கத்தில் பலரும் சட்டைப்பையிலிருந்த நாணயத்தைக் கொண்டே தட்டினோம். அன்று காசைச் சுண்டிப் பார்த்தார்கள். நாங்களோ காசைக் கொண்டு விமானத்தைச் சுண்டிப் பார்த்தோம். இதில் தவறில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கைந்நூலே நாணயத்தையும், 2 அவுன்ஸுக்கு, அதாவது ஏறத்தாழ 57 கிராமுக்கு மிகாத சிறு சுத்தியலையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் பல நாட்டுத் தொழிலாளர் பல நாட்டுக் காசுகளால் தட்டினால் ஒருவர் கேட்ட ஓசையை மற்றவர் கேட்ட ஓசையோடு எப்படி ஒப்பிடுவது? காசின் விளிம்பு வண்ணத்தையும் கீறியது. முறையாகச் செய்த சுத்தியல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது; புதியது வருவதற்கு மாதங்கள் ஆகும் என்றார்கள்.

ஆகவே 2013-இல் நானே ஒன்று செய்ய முனைந்தேன். பித்தளைக் கம்பியை லேத்தில் கடைந்து, முனையை உருண்டையாக்கி, மெருகேற்றினேன். தலையின் எடை 38 கிராம். இரு விரல்களுக்கிடையே தளர்வாகப் பிடித்தால் தட்டியவுடன் தானே துள்ளி எழும்படி மெல்லிய கைப்பிடி பொருத்தினேன். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவினர் அதை நிறுத்துப் பார்த்து, எண் பொறித்து, கருவிப் பதிவேட்டில் ஏற்றிய பின்னரே பயன்படுத்த அனுமதித்தார்கள். விமானத் தொழிலில் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு வேலை செய்துவிட முடியாது.

சுத்தியலோடு, அதைச் சோதிக்க ஒரு பலகையும் செய்தேன். தேனடையின் மேல் பசைப் படலத்தைப் பரப்பும்போது மூன்று இடங்களில் அதை வட்டமாக வெட்டி நீக்கிவிட்டுத் தகட்டை ஒட்டினேன். ஒரு வட்டம் உள்ளங்கையளவு, மற்றொன்று எலுமிச்சையளவு, மூன்றாவது பத்துக் காசளவு. மேலே வண்ணம் பூசியதும் எங்கும் ஒரே வழவழப்பு. இடங்களைத் தாளில் குறித்து வைத்துவிட்டு, பலகையை எங்கள் ஊர்ப்பக்கத்து இளைஞன் ஒருவனிடம் கொடுத்தேன். வரிசை வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தவன் கால் மணி நேரத்துக்குள் மூன்றையும் பென்சிலால் வளைத்துவிட்டான்.

"சுத்தியல் நல்லா வந்திருக்கு காக்கா. நீங்களும் தட்டிப் பாருங்க" என்றான்.

தட்டினேன். பெரிய வட்டம் கேட்டது. எலுமிச்சையளவு வட்டம் கேட்டதுபோலவும் இருந்தது, கேட்காததுபோலவும் இருந்தது. சிறியது கேட்கவே இல்லை. இருக்கும் இடம் தெரிந்தும் கேட்கவில்லை.

என் மனம் முதலில் குறை கண்டது சுத்தியலிடம்தான். தலை கனத்துவிட்டது என்று நினைத்து இலேசான ஒன்று கடைந்தேன். பித்தளை சரியில்லை என்று எஃகில் ஒன்று, முனை தட்டையாக இருக்கட்டும் என்று வேறொன்று. இரண்டு வாரத்தில் நான்கு சுத்தியல்கள் சேர்ந்தன. நான்கிலும் அந்த இளைஞனுக்கு மூன்று வட்டங்களும் கேட்டன, எனக்கு ஒன்றுதான். அதன் பிறகு கருவியைக் குறை சொல்ல வழியில்லாமல் போயிற்று.

காது மருத்துவர் வரைந்து கொடுத்த கோடு 2000 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக ஓடி, 4000 அருகே பள்ளத்தில் விழுந்திருந்தது. ஆண்டுக்கணக்காக ரிவெட் அடித்த இரைச்சல் வாங்கிய கூலி அது. பேச்சு கேட்கும், தொலைபேசி கேட்கும், அதனால்தான் எனக்கே தெரியவில்லை. நல்ல இடத்தையும் கெட்ட இடத்தையும் பிரித்துக் காட்டுவது உயர்ந்த அதிர்வுகள் என்று மேலே சொன்னேன் அன்றோ? என் செவி இழந்ததும் அவற்றையே.

ஓய்வு பெற இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. இளைய மகளின் நிக்காஹ் முடியவில்லை. ஆய்வாளர் என்ற தகுதி போனால் அதற்குரிய படியும் போய்விடும். "நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் காக்கா. நீங்க கையெழுத்துப் போடுங்க, நான் தட்டிக் கொடுக்கிறேன்" என்றான் அந்தப் பிள்ளை. அவன் அன்பினால் சொன்னான். நானும் ஒரு நாள் முழுதும் அதைப் பற்றி யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அன்றிரவு 2005-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. மார்ச் 6-ஆம் நாள் கியூபாவின் வரடேரோ நகரிலிருந்து புறப்பட்ட ஏர்பஸ் ஏ310 விமானம் ஒன்று நடுவானில் தன் வால் சுக்கானில் பெரும்பகுதியை இழந்தது. விமானி சாமர்த்தியமாகத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கியதால் அனைவரும் உயிர் தப்பினர். தேனடை அமைந்த அந்தச் சுக்கானில், புறப்படும் முன்பே பசை விட்டோ உள்ளே முறிந்தோ இருந்திருக்கலாம் என்று கனடா நாட்டு விசாரணை கூறியது. அன்றைய பரிசோதனை முறைகள் அத்தகைய சேதத்தை உரிய காலத்தில் கண்டுபிடிக்கப் போதுமானவையாக இல்லை என்றும் சுட்டிக்காட்டியது. நல்ல காதுள்ளவர்கள் தட்டும்போதே தட்டுதலுக்கு எல்லை உண்டு. மேலாக உள்ள குறையைத்தான் அது காட்டும். தகட்டின் கனம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் நம்புவதற்கில்லை. பலகையின் மறுபக்கத்து ஒட்டை இப்பக்கத்திலிருந்து அறிய முடியாது. தட்டியதற்குப் பதிவும் எஞ்சாது. எஞ்சுவது தட்டியவனின் கையெழுத்து மட்டுமே. முகம் தெரியாத மனிதர்கள் அந்தக் கையெழுத்தின் மேல் அமர்ந்து பறக்கிறார்கள். அது அமானிதம் அல்லாமல் வேறென்ன?

காலையில் மேலாளரிடம் மருத்துவர் தந்த தாளையும், கடைசி எட்டு மாதங்களில் நான் தட்டிக் கையெழுத்திட்ட பதினொரு பாகங்களின் பட்டியலையும் வைத்தேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் அத்தனையையும் மறுபடி சோதிக்க உத்தரவிட்டார். பத்துப் பாகங்கள் பழுதின்றி இருந்தன. இறக்கை மடிப்புப் பலகை ஒன்றில் மட்டும், ஓரத்திலிருந்து நான்கு விரற்கடை உள்ளே, பசை விட்டிருந்தது. நான் தட்டி, 'நன்று' என்று எழுதிய இடம் அது.

படி போயிற்று, வேலை போகவில்லை. சோதனைப் பலகைகள் செய்வதும் புதியவர்களுக்குக் கற்பிப்பதும் என் பொறுப்பாயின. அடுத்த ஆண்டு மின்னணுச் சுத்தியல் ஒன்று வந்தது. தகட்டை அது தொட்டிருக்கும் நேரத்தை மைக்ரோ விநாடிக் கணக்கில் எண்ணாகக் காட்டிவிடும், செவி வேண்டியதில்லை. ஆனால் நல்ல இடம் எதுவென்று முதலில் காட்டிக் கொடுக்கவும், ஓரிடமும் விடாமல் தட்டிச் செல்லவும் அதற்கும் ஓர் ஆள் வேண்டும். என்னிடம் பயில வந்தவர்களுக்கு முதல் நாளில் சுத்தியலைக் கொடுக்க மாட்டேன். காது மருத்துவரிடம் அனுப்புவேன்.

பித்தளைச் சுத்தியலைப் பதிவேட்டிலிருந்து நீக்கி, விடைபெறும் நாளில் எனக்கே தந்துவிட்டார்கள். இப்போது அது என் பேத்தியின் விளையாட்டுப் பொருள். சென்ற வாரம் அடுப்படியில் வரிசையாக இருந்த பானைகளைத் தட்டிக்கொண்டே வந்தவள், ஒன்றின் முன்னே நின்று, "அப்பா, இது மட்டும் வேற மாதிரி கேக்குது" என்றாள். நானும் குனிந்து கேட்டேன். எனக்கு வேறுபாடு தெரியவில்லை. அந்தப் பானையை எடுத்துத் தனியே வைக்கச் சொன்னேன்.